ஒரு டிகிரி கையில் இருக்கட்டும்

வைகாசிக் கடைசியில் கரும்புக்குள் காற்று நுழையாது. மோகனூருக்கு மேற்கே வாய்க்கால் கரையை ஒட்டி மூன்று ஏக்கரில் கரும்பு வைத்திருந்தார் சின்னண்ணன். ஐந்தாம் மாதத்துப் பயிர், ஆளை மறைக்கிற உயரம் வந்திருந்தது. அடியில் காய்ந்து தொங்குகிற சோகையை உரித்துப் போட்டால்தான் கரும்பு பருக்கும். உரிக்க ஆள் கிடைக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் போக மீதிப் பேர் கோழிப்பண்ணைகளுக்குப் போய்விட்டார்கள். அதனால் சின்னண்ணனும் அவர் மனைவி முத்தாயியும் மகள் நித்யஸ்ரீயும் ஆளுக்கொரு வரிசையில் இறங்கியிருந்தார்கள். மூன்று பேருமே சின்னண்ணனின் பழைய முழுக்கைச் சட்டைகளைப் போட்டுத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். என்ன கட்டினாலும் கரும்புச் சுணை கழுத்திலும் இமையிலும் வந்து ஒட்டிக்கொண்டு அரிக்கும்.

உள்ளே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சோகை உரிகிற சத்தத்தை வைத்துத்தான் யார் எங்கே என்று சொல்ல வேண்டும். முகம் பார்த்துச் சொல்ல முடியாத பேச்சுக்கு அது தோதான இடம். அந்த வருடம் தள்ளி நடந்த பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை நித்யஸ்ரீ முடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

"அப்பா."

"ம்."

"ரிசல்ட் வந்தா நான் காலேஜுக்கு அப்ளிகேசன் போடறதா இல்லீங்க."

சின்னண்ணன் பக்கத்துச் சத்தம் நின்றது. முத்தாயி பக்கத்துச் சத்தமும் நின்றது.

"பொறகு?"

"நேரா பைலட் ட்ரெய்னிங் போறனுங்க. பன்னண்டாவதுல பிசிக்ஸும் கணக்கும் இருந்தாப் போதும்னு சட்டத்துலயே இருக்குது. டிகிரி வேண்டியதில்லீங்க. பதினெட்டு முடிஞ்சா லைசன்ஸே குடுக்கறாங்க."

"அது தெரியும். நீதான் நாலு வருசமாச் சொல்றயே."

"இல்லீங்கப்பா, போறேன்னு சொல்லியிருக்கறேன். டிகிரி வேண்டாம்னு இன்னைக்குத்தான் சொல்றேன்."

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னண்ணன் வரிசையில் சோகை உரிகிற சத்தம் மறுபடி கேட்டது. முன்னைவிட வேகமாக.

அவள் ஆசை எங்கே பிடித்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சேலத்திலிருந்து சென்னைக்கு விமானம் விட்ட புதிதில், முத்தாயியின் தம்பி அருணகிரி ஒரு கல்யாணத்துக்கு அக்காள் குடும்பத்தையும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். அவருக்கு வேலகவுண்டம்பட்டிப் பக்கம் முட்டைக் கோழிப்பண்ணை. செலவைப் பார்க்கிற ஆள் இல்லை. அப்போது நித்யஸ்ரீக்குப் பதினான்கு வயது. விமானம் மேலேறியதும் ஓட்டுகிற அறையிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில், தலைவலிக்காரிபோலச் சலிப்பாக, இடது பக்கம் மேட்டூர் அணை தெரிகிறது என்று சொன்னது. எல்லோரும் எட்டி அணையைப் பார்த்தார்கள். இவள் மட்டும் அடைத்திருந்த அந்த அறைக் கதவைப் பார்த்தாள். ஓட்டுகிற ஒருத்திக்கு அது சலிக்கிற அளவுக்குச் சாதாரண வேலையாக இருக்கிறது என்பதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. பதினொன்றாவதில் அவளாகவே தேடி விவரம் எடுத்தாள். பரீட்சை முடிந்த மறுநாள் அப்பாவை அழைத்துக்கொண்டு ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் போய், முதல் கட்ட உடல் பரிசோதனை முடித்து, தகுதி உண்டு என்கிற சான்றிதழையும் வாங்கி வந்துவிட்டாள். கண் இரண்டும் சுத்தம் என்றார் டாக்டர்.

சின்னண்ணனுக்கு மகளை அனுப்ப மாட்டேன் என்கிற எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. நிலத்தின் பேரில் கடன் எடுக்கிற வழியைக்கூட விசாரித்து வைத்திருந்தார். அவருக்கு வேறு ஒன்று உறுத்தியது. அதை அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்.

"கண்ணு, நான் லாரிக்குப் போன கதை உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. வாய்க்கால்ல தண்ணி வராத வருசம்."

"அப்ப நான் கிளீனரு. நாலு வருசம் கிளீனரு. டிரைவரு தூங்குனா நான்தான் ஓட்டுவேன். தொப்பூர்க் கணவாயில லோடு வண்டிய எறக்கியிருக்கறேன். சரி, லைசன்ஸ் எடுத்துரலாம்னு போறேன், அந்த வருசம் பாத்து எட்டாவது பாஸ் பண்ணியிருந்தாத்தான் குடுப்போம்னு சட்டம் போட்டுட்டான். நான் ஏழாவதுல நின்னவன். வண்டி ஓட்டிக் காட்டறனுங்கன்னு சொன்னேன். ஓட்டறதை யாரு கேட்டா, காயிதத்தைக் கொண்டான்னு சொல்லிப்போட்டாங்க."

"பொறகு எட்டாவது எழுதுனீங்க."

"முப்பத்தி நாலு வயசுல. பரீட்சை ஹாலுல எனக்குப் பக்கத்துல உக்காந்த பையனுக்கு மீசை மொளைக்கல. வாத்தியாரு என்னப் பாத்து, புள்ளயைக் கொண்டாந்து உட்டுட்டு வெளிய நில்லுங்கன்னு சொல்றாரு. ஹால் டிக்கெட்டை நீட்டுனேன். அன்னைக்குப் பட்டது சாமி. கையில வேலை இருந்தும் காயிதம் இல்லீன்னா அதை மனுசன் எங்கயும் நின்னு சொல்ல முடியாது."

நித்யஸ்ரீ அம்மாவுடன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அந்தச் சட்டத்தை இப்ப எடுத்துட்டாங்களேப்பா. எட்டாவது வேண்டியதில்லைன்னு மூனு வருசத்துக்கு முன்னாலயே சொல்லிட்டாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். வெப்பான், எடுப்பான், மறுபடி வெப்பான். நாளைக்குப் பைலட்டுக்கும் டிகிரி வேணும்னு ஒருத்தன் எழுதிப்போட்டான்னா நீ எங்க போவ? ஒரு டிகிரி கையில இருக்கட்டும். எவனும் அசைக்க முடியாது."

"மூனு வருசமுங்கப்பா."

"மூனு வருசம் ஓடிப்போயிரும்."

"அந்த மூனு வருசத்துல என்னைக் கட்டிக் குடுத்துருவீங்க."

இதைச் சொன்னபோது அவள் குரல் உயரவில்லை. முத்தாயி கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். சின்னண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே வேர்வை இல்லை.

அந்த வாரக் கடைசியில் அருணகிரி ஒருவரை அழைத்து வந்தார். பெயர் ரமேஷ்குமார். ராசிபுரத்தில் தறி போட்டிருந்த குடும்பம். பன்னிரண்டாவது முடித்து நேராகப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், காதோரம் நரைத்திருந்தது. விமானக் கம்பெனி வேலையிலிருந்து விடுப்பில் வந்தவரை, அனுபவப்பட்டவர் சொன்னால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று அருணகிரி பிடித்து வந்துவிட்டார்.

முத்தாயி அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, நெய் ஊற்றி, அப்பளம் பொரித்து, செலவு ரசமும் வைத்திருந்தாள். ரமேஷ்குமார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விமான வேலைக்காரர் என்று சொல்ல முடியாதபடி கை நிறையப் பிசைந்து சாப்பிட்டார்.

"நீங்க டிகிரி படிக்கலீங்களா?" என்றார் சின்னண்ணன்.

"இல்லைங்கண்ணா. பத்தொம்பது வயசுல லைசன்ஸ் வாங்கிட்டேன். இருவத்தி மூனுல வேலை. எங்க தெருவே திருவிழா மாதிரி இருந்துச்சு. அஞ்சு வருசம் ஓட்டுனேன். அப்பறம் எங்க கம்பெனியவே மூடிட்டாங்க."

"மூடிட்டாங்களா?"

"ஒரே நாள்ல. ரண்டு வருசம் ஊட்ல உக்காந்திருந்தேன். பேங்க் பரீட்சை எழுதலாம்னு பாத்தா டிகிரி கேக்கறான். சர்க்கார் பரீட்சைன்னா டிகிரி. ஆயிரத்தி எட்டுநூறு மணி நேரம் ஆகாசத்துல இருந்தவன், பத்தாவது பன்னண்டாவது சர்ட்டிபிகேட்டோட அண்ணன் தறியில பாவு நூலைப் புனைச்சிட்டு இருந்தேன்."

"கேட்டயா?" என்று அருணகிரி நித்யஸ்ரீயைப் பார்த்தார். "மாமா, தபால்ல படிக்க முடியாதான்னும் கேட்டுருங்க. அந்தக் கேள்வியும் தீந்துபோவட்டும்."

"பேரு பதிஞ்சேனுங்க," என்றார் ரமேஷ்குமார். "ஒரு பரீட்சைகூட எழுதல. படிக்கறவங்க படிக்கறாங்க. எனக்கு ஆகல."

"ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலு," என்றார் சின்னண்ணன். "அது ஆவாது."

நித்யஸ்ரீ கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "நான் ஒன்னு கேக்கலாமுங்களா?" என்றாள்.

"கேளும்மா."

"இப்ப உங்களுக்கு மறுபடி பதினெட்டு வயசு வருதுன்னு வைங்க. கம்பெனி மூடறது, வேலை போறது எல்லாம் தெரியும். டிகிரி முடிச்சிட்டுப் போவீங்களா?"

ரமேஷ்குமார் இலையில் கிடந்த அப்பளத்தை நொறுக்கினார். சின்னண்ணன் வீட்டில் உப்புத் தின்றுகொண்டே அவருக்கே எதிராகப் பேசச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"மாட்டேம்மா. நேராத்தான் போவேன்."

முத்தாயி ரசச் சட்டியுடன் வந்தவள், கணவருக்குப் பக்கத்தில் குனிந்து, "அவ போவட்டுமுங்களே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ரசம் கொஞ்சமா ஊத்து," என்றார் சின்னண்ணன். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

விருந்தாளிகள் போனபின் சின்னண்ணன் மகளைக் கூப்பிட்டுத் தன் முன்னால் உட்கார வைத்தார். "நான் ஒரு வார்த்தை குடுக்கறேன். மூனு வருசம் படி. பாஸ் பண்ணின மறுநாள் நானே கூட்டிட்டுப் போய்ச் சேத்தி உடறேன். நடுவுல உன்ற கல்யாணப் பேச்சை இந்த ஊட்டுல எவனும் எடுக்க மாட்டான். எடுத்தா நான் அவனோட பேச்சு வெச்சுக்க மாட்டேன். போதுமா?"

நித்யஸ்ரீ அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த வார்த்தையை அவர் மீறி அவள் பார்த்ததில்லை.

"சரிங்கப்பா," என்றாள்.

சின்னண்ணன் வார்த்தையைக் காப்பாற்றினார். இரண்டாம் வருடமே ஜாதகம் கேட்டு வந்த ஒறம்பரைச் சொந்தங்களுக்குக் காப்பி கொடுத்து, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் மழையைப் பற்றியும் கரும்பு ஆலை தருகிற வெட்டு உத்தரவைப் பற்றியும் பேசி அனுப்பினார். சொந்தப் பெரியப்பா மகனோடு இதற்காகவே ஆறு மாதம் பேச்சில்லாமல் இருந்தார்.

நித்யஸ்ரீ நாமக்கல்லில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். காலை ஏழே காலுக்கு டவுன் பஸ். கூட்டத்தில் உள்ளே நுழைய முடியாமல் பெரும்பாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, புழுதி வாங்கிக்கொண்டே போய் வந்தாள். கல்லூரிப் புத்தகத்தோடு பைலட் பரீட்சைக்கான வானிலையும் திசையறிதலும் தனியாக வாங்கிப் படித்தாள். அம்மா சந்தகை பிழிகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து, மேகத்தில் எத்தனை வகை என்று அம்மாவுக்கே ஒப்பித்தாள். முத்தாயிக்கு அதில் நான்கைந்து பெயர் மனப்பாடமாகிவிட்டது. ஆடி மாதம் வாழைக்கு முட்டுக் கொடுக்கிற நேரத்தில் மேற்கே பார்த்து, "இது மழை மேகமில்ல, சும்மா போற சாதி," என்று முத்தாயி சொன்னால் சின்னண்ணன் சிரிப்பார். சனிக்கிழமைகளில் மூன்று பேரும் முன்போலவே கரும்புக்குள் இறங்கிச் சோகை உரித்தார்கள்.

இரண்டாம் வருடக் கடைசியில் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணாடி போட்டாள். கண்ணாடி போட்டவர்களும் விமானம் ஓட்டலாம் என்று முன்பே படித்து வைத்திருந்ததால் யாரும் பயப்படவில்லை. ஆறு மாதத்தில் பவர் மாறியது. மறுபடி நான்கு மாதத்தில் மாறியது. கண்ணாடிக் கடைக்காரர், போன் பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார். அவள் கண் அரிக்கிறது என்று அடிக்கடி கசக்குவாள். முத்தாயி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

மூன்றாம் வருடம் சித்திரையில் பரீட்சை முடிந்தது. எழுபத்தெட்டு சதவிகிதம். மார்க்குப் பட்டியல் வந்த மறுவாரம், சொன்னபடியே சின்னண்ணன் மகளை அழைத்துக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினார். பயிற்சிப் பள்ளியில் சேருவதற்கு முன்னால் பெரிய உடல் பரிசோதனை ஒன்று முடிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் நடந்தது. அவர் வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வந்து போகிற பிள்ளைகளில் யாரெல்லாம் டிகிரி முடித்தவர்கள் என்று முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தார். தன் மகளைத் தவிர மற்ற எல்லோரும் சின்னப் பிள்ளைகளாகவே தெரிந்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் ஒரு தாளோடு வெளியே வந்தாள். அழவில்லை. "கண்ணுல என்னமோ இருக்குதாமுங்கப்பா. வெளிய ஒரு டாக்டர்கிட்டக் காட்டச் சொல்றாங்க," என்றாள்.

"மருந்து ஊத்துனா சரியாப் போவுமில்ல?"

"தெரியலீங்க."

கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்து பார்த்தார்கள். முத்தாயியும் வந்திருந்தாள். டாக்டரம்மா நடுத்தர வயது, பொறுமையானவர். கம்ப்யூட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படத்தைக் காட்டினார். அதுதான் நித்யஸ்ரீயின் கண்.

"கருவிழின்னு சொல்றோமில்லைங்களா, அது பந்து மாதிரி ஒழுங்கா உருண்டையா இருக்கணும். இவங்களுக்கு அது மெலிஞ்சு, நடுவுல கூம்பு மாதிரி முன்னால தள்ளுது. ரெண்டு கண்ணுலயும் இருக்கு. வலது கண்ணுல கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு சிகிச்சை பண்ணினா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். அதை உடனே பண்ணிரணும். ஆனா ஆனதைத் திருப்ப முடியாதுங்க."

"படிக்கறது, எழுதறது?" என்றாள் முத்தாயி.

"எல்லாம் பண்ணலாம்மா. லென்ஸ் போட்டா நல்லாவே தெரியும்."

"ப்ளேனு?" என்றார் சின்னண்ணன்.

டாக்டரம்மா அவரைப் பார்க்காமல் நித்யஸ்ரீயைப் பார்த்தார். "மேல்முறையீடு பண்ணலாம். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த வேலைக்கு இந்தக் கண்ணை ஏத்துக்குவாங்கன்னு நம்பிக்கை குடுத்தா, நான் உங்களை ஏமாத்தற மாதிரி ஆயிரும்."

சின்னண்ணன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"ஏனுங்க டாக்டரு, மூனு வருசம் முன்னால பாத்தப்ப சுத்தமா இருக்குதுன்னு சொன்னாங்களே. காயிதம் வெச்சிருக்கறனுங்க."

"அப்ப இருந்திருக்காதுங்க. இது பெரும்பாலும் பதினாறுல இருந்து இருவத்தஞ்சு வயசுக்குள்ள வெளிய வரும்."

"கரும்புச் சுணையினாலயா? நான் புள்ளயக் கரும்புக்குள்ள எறக்கிவுட்டனுங்க."

"கண்ணைக் கசக்கறது ஒரு காரணம்னு சொல்லுவோம். அரிப்பு இருந்தா கசக்குவாங்க. ஆனா இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க."

"பஸ்ஸுல புழுதியில போயிட்டு வந்துச்சுங்க, மூனு வருசம்."

"அதையும் சொல்ல முடியாதுங்க."

"படிச்சதால வந்திருக்குமுங்களா?"

"படிக்கறதால இது வராது. அது நிச்சயம்."

சின்னண்ணனுக்குக் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. அவர் அதைக் கேட்கத் தயங்குவது முத்தாயிக்குத் தெரிந்தது. கடைசியில் கேட்டுவிட்டார்.

"மூனு வருசத்துக்கு முன்னாலயே நான் சேத்தியுட்டிருந்தா?"

"அப்பவும் இது வந்திருக்குமுங்க. லைசன்ஸ் வாங்கியிருப்பாங்க, ஒருவேளை வேலைக்குக்கூடப் போயிருப்பாங்க. வருசா வருசம் செக்கப் உண்டு. ஒரு வருசம் அதுல மாட்டியிருக்கும். அப்பறம் ஓட்ட முடியாது." ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியிருக்கும். "ஒரு வகையில பாத்தா நீங்க டிகிரி படிக்க வெச்சது நல்லதுங்க. இல்லைன்னா பாதியில கையில எதுவும் இல்லாம நின்னிருப்பாங்க."

"ஒரு வருசமாவது ஓட்டியிருப்பனுங்க," என்றாள் நித்யஸ்ரீ.

டாக்டரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல இருந்தது. சின்னண்ணன் அந்தச் சிவப்பு மஞ்சள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்தாயி தன் முந்தானையைப் பற்றிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ரசச் சட்டியோடு குனிந்து தான் சொன்ன ஒரு வாக்கியம் அவளுக்கு நினைவு வந்தது. அதை அவள் அங்கே சொல்லிக் காட்டவில்லை, பிறகும் ஒருபோதும் சொல்லிக் காட்டவில்லை.

சிகிச்சை ஒரு கண்ணுக்கு ஆடியிலும் மற்றதற்கு ஆவணியிலும் நடந்தது. கண்ணில் துணி கட்டிய மகளுக்கு முத்தாயி சோறு ஊட்டினாள். மேல்முறையீடு அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் பதில் வந்தது. இரண்டு வரிதான்.

அதன் பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. கெட்டதாகப் பேசியிருந்தால் சின்னண்ணன் தாங்கியிருப்பார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள்.

பால் சொசைட்டியில், "சின்னண்ணன் மாதிரி ரோசனை பண்ணோணும். அந்தப் புள்ள கேட்டப்பவே தூக்கி உட்டிருந்தா இன்னைக்கு நெலமும் போயி, படிப்பும் இல்லாம நிக்கோணும்," என்றார்கள். கரும்பு வெட்டு உத்தரவு வாங்கப் போன இடத்தில், "முன்னாலயே கண்டிசனா நின்னீங்க பாருங்க, அது பெரிய மனசு," என்றார்கள். பேச்சை முறித்திருந்த பெரியப்பா மகனும் வந்து, பழசை மறந்துவிட்டதாகச் சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அருணகிரி மட்டும் மனதாரச் சொன்னார். "மாமா, நான் ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க புடிவாதமா நின்னது இந்தப் புள்ளயக் காப்பாத்திருச்சு. டிகிரி இருக்குது. பி.எட். போடலாம், பேங்க் எழுதலாம். உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சாப்பல இருந்துச்சுங்க."

"எனக்கு ஒன்னும் தெரியாது மாப்ள."

"தெரியாமயே சரியாச் செஞ்சீங்க."

"அந்த வார்த்தைய மட்டும் இந்த ஊட்டுல சொல்லாத. உன்னையக் கையெடுத்துக் கேட்டுக்கறேன்."

அவர் நிஜமாகவே கையெடுத்தார். அருணகிரி எழுந்து மாமன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரியவில்லை.

நித்யஸ்ரீ வங்கிப் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாள். வானிலைப் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் போட்டு நூலகத்துக்குக் கொடுத்தாள். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கவில்லை; சாப்பிட்டாள், பேசினாள், அம்மாவோடு சந்தைக்குப் போனாள். அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டால் எடுத்துத் துவைத்தாள். அவள் ஒருமுறையாவது கத்திச் சண்டை போட மாட்டாளா என்று சின்னண்ணன் காத்திருந்தார். போடவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பரமத்தி வேலூரிலிருந்து காளியண்ணன் என்று ஒருவர் மோட்டார் பைக்கில் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். வாழைமட்டையில் கட்டிய வெற்றிலைக் கவுளிகளைக் கொண்டுவந்து வைத்தார். அருணகிரி அனுப்பியதாகச் சொன்னார்.

"எனக்கு ஒரே பையனுங்க. பன்னண்டாவது படிக்கறான். இந்தப் பைலட்டுப் படிப்புப் படிக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். உங்க புள்ள விசயமும் கேள்விப்பட்டேன், மனசுக்குக் கஷ்டமாப் போச்சுங்க. ஆனா இந்தப் பக்கத்துல இதை முழுசாப் பாத்தவரு நீங்க ஒருத்தருதான். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க. டிகிரி படிக்க வெச்சுட்டு அனுப்பட்டுமா, நேரா அனுப்பட்டுமா?"

சின்னண்ணன் வெற்றிலைக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தூறல் பிடித்திருந்தது. முத்தாயி சந்தகைப் பலகையை அலம்புகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க, அனுபவப்பட்டவரு."

"எனக்குத் தெரியலீங்க."

"அட, உங்களுக்குத் தெரியாம..."

"நெசமாலுமே தெரியலீங்க. நான் ஒன்னு சொல்லி அது உங்க பையனுக்கு எப்படி ஆவும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நித்யஸ்ரீ காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "மொதல்ல பெரிய மெடிக்கல் முடிச்சிருங்க," என்றாள். "சின்னதோட உட்டுராதீங்க. கண்ணை மட்டும் தனியா ஒருவாட்டி ஸ்கேன் எடுத்துருங்க. மத்தது உங்க பையனையே கேளுங்க."

"அவன் நேராப் போறேங்கறானம்மா."

"அப்ப அதுதானுங்க அவன் பதிலு."

காளியண்ணன் காப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்தார். "வயசுப் புள்ளைங்க அப்படித்தான் சொல்லும். சரிங்க. உங்கப்பா வாயத் தொறந்து சொல்லலீன்னாலும் செஞ்சு காட்டியிருக்கறாரே. நானும் டிகிரிக்கே அனுப்பிப்போடறேன். அப்பறம் பாத்துக்கலாம்." எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

பைக் கிளம்புகிற சத்தம் கேட்ட பிறகு சின்னண்ணன் திடுமென்று எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் தூறலில் வாசலைத் தாண்டி ஓடினார். "ஏனுங்க, ஒரு நிமிசம்," என்று கூப்பிட்டார். பைக் அதற்குள் வாய்க்கால் பாலத்தில் ஏறிவிட்டது. நின்றிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

நித்யஸ்ரீ குடையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தாள். லென்ஸ் போட்ட கண்ணில் தண்ணீர் படாமல் தலையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். இருவரும் பாலத்தைப் பார்த்து நின்றார்கள்.

"அப்பா, ஒன்னு கேக்கறேன். மறைக்காமச் சொல்லுங்க."

"கேளு கண்ணு."

"அன்னைக்கு நீங்க சரி போன்னு உட்டிருந்து, நான் போயி, நடுவுல கண்ணு போயித் திரும்பி வந்திருந்தா, இப்ப என்ன பண்ணிட்டு இருப்பீங்க?"

சின்னண்ணன் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"டிகிரி படிக்க வெக்காம உட்டுட்டனேன்னு அழுதுட்டு இருப்பேன்."

"பொறகென்னுங்க? எப்படிப் பாத்தாலும் ஒன்னுதானே."

"ஒன்னில்ல சாமி," என்றார் அவர். "அப்பவும் நான் அழுதிருப்பேன். ஆனா நீ ஓட்டியிருப்ப."

அவள் அவரைப் பார்க்கவில்லை. குடையை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தாள். சந்தகை ஆறுகிறது என்று முத்தாயி உள்ளிருந்து கூப்பிட்டாள். "வாரோம்," என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். முத்தாயி மறுபடி கூப்பிட்டபோதும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.